செடியா, காளானா? ஒரு கறுப்பு நாருக்கு எந்தச் சோதனை?

போன மாதம் மழை விடாமல் பிடித்துக்கொண்ட ஒரு மதியம். கோத்தகிரிப் பக்கத்து ஹட்டி (படகர் ஊர்) ஒன்றிலிருந்து வரும் எம்.எஸ்சி. மாணவி மூன்று கண்ணாடிக் குப்பிகளை என் மேசையில் வரிசையாக வைத்தாள். முதல் குப்பியில் சாலையோரத் தடுப்புச் சுவரில் சுரண்டிய மார்கான்ஷியா என்ற தரையோடு படரும் சிறு செடி, பச்சை நாக்கு மாதிரி. இரண்டாவதில் விறகுக்கட்டையில் விசிறியாக முளைத்த மரக்காளான். மூன்றாவதில் கறுப்பு மண். தாத்தாவின் கேரட் தோட்டத்துக் கீழ்க்கோடியில் தண்ணீர் வடிய வாய்க்கால் வெட்டியபோது இடுப்பளவு ஆழத்தில் வந்ததாம். விரலில் தேய்த்தால் வெண்ணெயாக வழுக்குகிறது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் உள்ளே நார் நாராக ஏதோ ஓடுகிறது.

"மேம், இந்த நார் செடியோடதா, பூஞ்சையோடதா? எந்த டெஸ்ட்டுக்கு அனுப்புனா தெரியும்?"

இதே கேள்வியை 40 கோடி ஆண்டு பழைய கல்லை வைத்துக்கொண்டு ஒன்றரை நூற்றாண்டாக அறிஞர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அவசரமில்லை. இவளுக்கு ஆறு மாதம்தான். கையில் இருப்பது ஒரே வகைச் சோதனைக்கு இருபது மாதிரி அனுப்பத் தாங்கும் பணம். வழிகளோ நாலு: நுண்ணோக்கி, கார்பன் ஐசோடோப்பு, மூலக்கூறு எச்சம், அகச்சிவப்பு நிறமாலை. எதில் பணத்தைப் போடுவது என்று இரண்டு வாரம் டீயும் வர்க்கியுமாக உட்கார்ந்து பேசினோம். அந்தக் கணக்கைத்தான் எழுதுகிறேன்.

நம் மலையில் என்ன கிடைக்கும்

நீலகிரிப் பாறையில் புதைபடிவம் தேடிப் போகவேண்டாம். தொட்டபெட்டா தொடங்கி மலை முழுக்கப் பெரும்பாலும் சார்னோக்கைட்தான். ஏறத்தாழ 250 கோடி ஆண்டு வயதுடையது, பூமிக்கடியில் வெந்து உருமாறியது. அது உருவான காலத்தில் நிலத்தில் செடி என்ற ஒன்றே கிடையாது. கல்மரம் பார்க்கவேண்டுமென்றால் சமவெளிக்கு இறங்கவேண்டும். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டு பழைய மரம் படுத்த வாக்கில் கிடக்கிறது. திருவக்கரையில் உள்ளவை சுமார் 2 கோடி ஆண்டு. இரண்டும் பாதுகாக்கப்பட்ட இடங்கள், ஒரு சில்லைக்கூட எடுத்துவரக் கூடாது. அதோடு அவை வளர்ந்து முதிர்ந்த மர வம்சங்கள். நிலத்தில் முதன்முதலில் கால் வைத்த செடிகளுக்கும் அவற்றுக்கும் நடுவே கோடிக்கணக்கான ஆண்டு இடைவெளி.

ஆதிச் செடிகளும் பூஞ்சைகளும் ஒன்றாகக் கல்லாகிக் கிடக்கும் பேர்போன இடம் ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரில் உள்ள ரைனி. 1912-இல் வில்லியம் மக்கி என்ற மருத்துவர் அங்கே கண்டெடுத்த செர்ட் கல்லின் வயது 40.7 கோடி ஆண்டு. வெந்நீர் ஊற்றிலிருந்து வழிந்த சிலிக்கா, செடிகளை நின்ற நிலையிலேயே கல்லாக்கிவிட்டது. செல் சுவர் வரை அப்படியே இருக்கிறது. ரைனியா, அக்லோபைட்டான் போன்றவை இலையும் இல்லாமல் வேரும் இல்லாமல் கவை கவையாகப் பிரியும் பச்சைக் குச்சிகள். மேற்குத் தொடர்ச்சி மலையின் மரப்பட்டை இடுக்குகளில் சைலோட்டம் என்ற குச்சிச் செடியைப் பார்த்தவர்களுக்கு உருவம் சட்டென்று பிடிபடும். ஒத்துப்போவது தோற்றம் மட்டும்தான், உறவு வேறு.

நமக்கு இங்கே முக்கியமான செய்தி வேறொன்று. அக்லோபைட்டானின் செல்களுக்குள்ளேயே ஒரு பூஞ்சை குட்டி மரம் மாதிரி கிளைத்திருப்பதை 1994-இல் காட்டினார்கள். இன்றைக்கு நம் வயலில் பயிர் வேருக்குள் வாழும் பூஞ்சை செய்கிற அதே வேலை. அதாவது செடி நிலத்துக்கு வந்த ஆரம்ப நாட்களிலேயே பூஞ்சை அதன் உடம்புக்குள் குடியேறியிருந்தது. செடியையும் பூஞ்சையையும் பிரித்துச் சொல் என்று எந்தக் கருவியைக் கேட்டாலும் இந்தக் கலப்படம் குறுக்கே நிற்கும். அவளுடைய கறுப்பு மண்ணிலும் அதே கதைதான்.

அந்தக் கறுப்பு மண்தான் நம் மலைக்குக் கிடைத்த கொடை. பள்ளத்தாக்குச் சதுப்புகளில் செத்த செடிகள் முழுக்க அழுகாமல் அடுக்கடுக்காகச் சேர்ந்த பீட். ஊட்டிக்குப் பக்கத்துச் சாண்டிநல்லாப் பீட்டில் பல பத்தாயிரம் ஆண்டுகளின் கதை படிந்திருக்கிறது. கல்லாகவில்லை, வேகவும் இல்லை. புதைபடிவத்தின் பாலபாடம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு கருவியும் உளறிய கதை

எந்தச் சோதனை நல்லது என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பதில் வராது. ஒரே பொருளை எல்லாரும் சோதித்த கதை ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்தால் ஓரளவு புரியும். புரோட்டோடாக்சைட்டிஸ் என்ற அழிந்துபோன உயிரி. 8 மீட்டர் வரை உயர்ந்த தூண். அது நின்ற காலத்தில் பக்கத்துச் செடிகள் பெரும்பாலும் முழங்காலைத் தாண்டாதவை.

1859-இல் கனடாவின் டாசன் குறுக்குவெட்டில் வளையங்களைப் பார்த்து, ஊசியிலை மரம் என்று முடிவுகட்டி 'ஆதி யூ மரம்' என்று பொருள்படப் பெயரும் வைத்தார். 1872-இல் கரூதர்ஸ் உள்ளே குழாய் குழாயாக இருப்பதைச் சுட்டிக்காட்டி, கடற்பாசி என்றார். 2001-இல் ஹியூபர் அதே குழாய்களைப் பார்த்துப் பூஞ்சை என்றார். மூவரும் பயன்படுத்தியது நுண்ணோக்கியைத்தான். 2007-இல் பாய்ஸ் குழுவினர் கார்பன் ஐசோடோப்பை அளந்து, தானே உணவு தயாரிக்கும் உயிரி இது இல்லை என்றார்கள். 2010-இல் வேறொரு குழு, மார்கான்ஷியா வகையறாக் கம்பளம் காற்றில் சுருண்டு உருளையாகியிருக்கலாம் என்றது. (கேட்கும்போதே பாய் சுருட்டிய ஞாபகம் வருகிறது, அதை ஏற்றவர்கள் அதிகமில்லை.) 2025-இல் பொதுவெளிக்கு வந்த ஆய்வு ரைனியில் கிடைத்த புரோட்டோடாக்சைட்டிஸை அகச்சிவப்பில் சோதித்தது. அதே கல்லில், அதே பக்குவத்தில் பாதுகாக்கப்பட்ட பூஞ்சைகளில் தெரியும் கைட்டின் (பூஞ்சையின் செல் சுவரில் உள்ள பொருள்) தடயம் இதில் இல்லை. ஆகவே பூஞ்சையும் இல்லை, செடியும் இல்லை, வாரிசில்லாமல் அழிந்துபோன வேறொரு குலம் என்பது அவர்கள் தரப்பு.

இதில் என்னைக் கவர்ந்தது தீர்ப்பு அல்ல. 'அதே கல்லில் உள்ள பூஞ்சையோடு ஒப்பிட்டோம்' என்ற வரிதான். அதைக் கடைசியில் திரும்ப எடுக்கிறேன்.

நுண்ணோக்கி

இதற்குச் செலவும் இல்லை, விவாதமும் இல்லை. எதை அனுப்பினாலும் முதலில் நுண்ணோக்கியில் பார்த்தாகவேண்டும். பீட்டை வடிகட்டிக் கண்ணாடித் தகட்டில் வைத்தால் மகரந்தம், ஸ்போர், ஹைஃபா (பூஞ்சை இழை) துண்டுகள் என்று ஒரு சந்தையே தெரியும். வழக்கமாகச் செய்வது அசிட்டாலிசிஸ்: ஒன்பது பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடு, ஒரு பங்கு அடர் கந்தக அமிலம். ஈரம் இருந்தால் சீறும். அதனால் பனி அசிட்டிக் அமிலத்தில் கழுவி நீரை நீக்கிய பிறகே ஊற்றவேண்டும். செல்லுலோஸ் கரைந்துபோகும், மகரந்தத்தின் ஸ்போரோபொலெனின் ஓடு நிற்கும். பல பூஞ்சை ஸ்போர்களும் கூடவே நிற்கும் என்பதை மாணவர்கள் மறந்துவிடுகிறார்கள். அமிலத்தில் எது தாக்குப்பிடித்தது என்பதை வைத்துச் செடி, பூஞ்சை என்று பிரிக்க முடியாது.

ஒரு எச்சரிக்கை. அசிட்டாலிசிஸ் செய்த கசடை அப்படியே வேதிச் சோதனைக்கு அனுப்பிவிடாதீர்கள். அந்த அமிலக் கலவை மூலக்கூறுகளை மாற்றிவிட்டிருக்கும். கருவி காட்டுவது பாதி உங்கள் சமையல். பார்வைக்கு ஒரு பங்கு, வேதிக்கு ஒரு பங்கு என்று ஆரம்பத்திலேயே பிரித்துவைக்கவேண்டும். சிலிக்காவைக் கரைக்க ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும் என்று நூல்களில் வரும். தகுந்த வசதியில்லாத கல்லூரி ஆய்வகத்தில் அந்தப் பேச்சே கூடாது. தோல் வழியே இறங்கி எலும்பு வரை போகும் அமிலம் அது.

கார்பன் ஐசோடோப்பு: நம் ஊர்ச் சொத்து

அவள் முதலில் ஆசைப்பட்டது இதற்குத்தான். காரணம் நியாயமானது. நீலகிரிப் பீட்டை உலக அறிவியல் வரைபடத்தில் வைத்ததே இந்த முறை. 1993-இல் சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் நால்வரும் நீலகிரிப் பீட்டின் கார்பன்-13 அளவுகளை வைத்துக் கடந்த 20,000 ஆண்டுத் தட்பவெப்பத்தைப் படித்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்.

விஷயம் இதுதான். காற்றிலுள்ள கார்பனில் நூற்றுக்கு ஒன்று போலக் கனமான கார்பன்-13. மரம், புதர், குளிர்நாட்டுப் புற்கள் முதலான சி3 செடிகள் அந்தக் கனமானதை அதிகம் ஒதுக்கும். ஒரு பொதுத் தரப் பொருளோடு ஒப்பிட்டுச் சொல்லும் அவற்றின் அளவு சராசரியாக ஆயிரத்துக்கு மைனஸ் 27 பக்கம் நிற்கும். சோளம், கரும்பு போன்ற சி4 புற்கள் அவ்வளவு ஒதுக்காது, மைனஸ் 13 பக்கம். நடுவில் ஆயிரத்துக்குப் பதினான்கு இடைவெளி, அறிவியலில் இவ்வளவு தாராளமான இடைவெளி கிடைப்பது அபூர்வம். பீட் அடுக்கின் அளவு மேலே ஏறினால் அந்தக் காலத்தில் சி4 புல் பரவியது, கீழே இறங்கினால் சோலையோ சி3 செடிகளோ பெருகின. பனியுகத்தின் உச்சத்தில் வறட்சியும் புல்லும், பிறகு பருவமழை வலுத்தபோது சி3 செடிகள் என்ற கதை இப்படித்தான் தெரியவந்தது. காற்றில் கரியமில வாயு குறைந்தாலும் சி4 புல்லுக்குச் சாதகம் என்பதால் எல்லாப் பழியையும் மழை மேல் போடக் கூடாது. அது வேறு விவாதம்.

ஆனால் அவள் கேட்டது புல்லா சோலையா என்றல்ல. செடியா பூஞ்சையா என்று. அங்கே இந்த முறை கைவிரிக்கிறது. பூஞ்சை தானாக உணவு தயாரிப்பதில்லை, தின்றதன் கார்பன்தான் அதன் கார்பன். சீகை (வாட்டில்) மரத்துக் கட்டையில் முளைத்த காளானை அளந்தால் அந்தக் கட்டையைவிட ஒன்றிரண்டு அளவு மேலே நிற்கும், அவ்வளவுதான். ஒரே மரத்தின் இலைக்கும் தண்டுக்கும் நடுவிலேயே அந்த அளவு வித்தியாசம் இருக்கும்.

அப்படியானால் 2007-இல் புரோட்டோடாக்சைட்டிஸுக்கு எப்படி வேலை செய்தது? அவர்கள் ஒரு எண்ணைப் பார்க்கவில்லை, எண்களின் பரவலைப் பார்த்தார்கள். ஒரே காலத்துச் செடிகள் எல்லாம் ஒரு குறுகிய வரம்புக்குள் நின்றன. புரோட்டோடாக்சைட்டிஸ் துண்டுகளோ ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நின்றன. ஒரே விதமாக ஒளிச்சேர்க்கை செய்யும் உயிரி அப்படி நிற்காது. விதவிதமானவற்றைத் தின்றால்தான் அப்படி வரும். அந்த வாதம் செல்லுபடியாவதற்குக் காரணம், அப்போது சி4 செடி எதுவும் பூமியில் இல்லை. நம் பீட்டில் சி3, சி4 இரண்டும் கலந்தே கிடக்கின்றன. பரவல் தெரிந்தால் அது பூஞ்சையால் வந்ததா, புல்லால் வந்ததா என்று யார் சொல்வது?

இன்னொரு சிக்கல் நடைமுறையில் வரும். இன்றைய இலையைப் பறித்துப் பழைய பீட்டோடு நேராக ஒப்பிட்டால் தப்பு. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து எரித்துக் காற்றின் கார்பனையே தொழிற்புரட்சிக்கு முன்பு இருந்ததைவிட சுமார் 2 அளவு கீழே இறக்கிவிட்டோம். அந்தத் திருத்தத்தைப் போடாமல் வரைபடம் வரைந்த ஆய்வேடுகளை நானே திருத்தியிருக்கிறேன்.

ஆக, தாத்தாவின் தோட்டம் ஒரு காலத்தில் புல்வெளியா சோலையா என்பது கேள்வியானால் கண்ணை மூடிக்கொண்டு இதையே தேர்ந்தெடு என்றேன். அவள் கொஞ்ச நேரம் தடுமாறினாள். கேள்வியை மாற்றிக்கொள்ளவும் தயாராக இருந்தாள். "கேள்விக்குக் கருவி தேடும்மா, கருவிக்குக் கேள்வி தேடாதே" என்று சொன்னது கொஞ்சம் கடுமையாகத்தான் வந்துவிட்டது.

மூலக்கூறு எச்சம்: ஆசை காட்டும், அசந்தால் ஏமாற்றும்

காகிதத்தில் பார்த்தால் இதுதான் நேரடியான வழி. செடிக்கென்றும் பூஞ்சைக்கென்றும் தனித்தனி மூலக்கூறுகள் இருக்கின்றன. கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்து, வாயு நிறச்சாரல் பிரிகை, நிறை நிறமாலைமானி என்ற ஜோடிக் கருவியில் விட்டால் பெயர் பெயராக வரிசை வரும். இலை மெழுகில் 27, 29, 31 என்று ஒற்றைப்படை எண்ணிக்கையில் கார்பன் கொண்ட நீளச் சங்கிலிகள் தூக்கலாக இருந்தால் நிலத்துச் செடி. எர்கோஸ்டெரால் இருந்தால் பெரும்பாலும் பூஞ்சை. காளானை வெயிலில் காயவைத்தால் வைட்டமின் டி கூடுகிறதே, அதற்கு மூலப்பொருள் இதுதான்.

சிக்கல் எங்கே என்றால், எர்கோஸ்டெரால் சீக்கிரம் சிதையும். மண்ணில் அது தெரிந்தால் இப்போது உயிரோடு இருக்கிற, அல்லது அண்மையில் செத்த பூஞ்சை என்றே எடுத்துக்கொள்வார்கள். பழமைக்குச் சாட்சி சொல்ல அதற்குத் தெம்பில்லை. நீண்ட காலம் தாங்குவது பெரிலீன். அழுகும் மரத்தில் வாழும் பூஞ்சைகளின் நிறமியிலிருந்து அது வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. ரைனிக் கல்லில் பெரிலீன் கண்டிருக்கிறார்கள், புரோட்டோடாக்சைட்டிஸில் தேடியபோது கிடைக்கவில்லை. பூஞ்சை இல்லை என்ற வாதத்துக்கு அதுவும் ஒரு துணை. ஆனால் 'இல்லை' என்பதை வைத்து வழக்காட நிறைய மாதிரிகள் வேண்டும். இருபது போதாது.

அதைவிடப் பெரிய பயம் மாசு. இந்தக் கருவி மிக நுணுக்கமானது, உங்கள் கைரேகையின் எண்ணெயையும் கண்டுபிடித்துவிடும். பல வருடம் முன்பு சீகை இலை மெழுகைப் பார்க்க ஆசைப்பட்டு, இலைகளைச் சாதாரணப் பாலித்தீன் கவரில் கட்டி ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பினேன். திரும்பி வந்த வரைபடத்தில் உயர்ந்து நின்றவை இரண்டு. ஒன்று பிளாஸ்டிக்கை மிருதுவாக்கச் சேர்க்கும் தாலேட். மற்றொன்று மனிதத் தோலில் சுரக்கும் ஸ்குவாலீன், அதாவது நான். இலை எங்கோ கீழே முனகிக்கொண்டிருந்தது. தப்பு முழுக்க என்னுடையது. கண்ணாடிக் குப்பி, அலுமினியத் தாள், கையுறை என்று யாரோ ஒருவர் எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம்.

பெரியவர்களுக்கும் இது நடந்திருக்கிறது என்பதுதான் ஆறுதல். 1999-இல் ஆஸ்திரேலியாவின் பில்பராப் பாறையில் 270 கோடி ஆண்டு பழைய ஸ்டெரேன்கள் என்ற மூலக்கூறு எச்சங்கள் கிடைத்ததாக வெளியிட்டார்கள். உட்கருவுள்ள உயிர்களின் வரலாறே பின்னோக்கி நகர்ந்தது. பிறகு சந்தேகம் எழுந்து, மிகச் சுத்தமாகத் துளையிட்டு எடுத்த பாறையில் 2015-இல் மறுபடி பார்த்தபோது பழையது என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை, வெளியிலிருந்து ஒட்டிக்கொண்டது. நம் சார்னோக்கைட் வயதை ஒட்டிய பாறை அது. இவளுடைய மண்ணோ உரமும் மருந்தும் டீசல் பம்பும் புழங்குகிற கேரட் தோட்டத்திலிருந்து வந்தது. இந்த வழியை அன்றைக்கே ஒதுக்கிவிட்டோம். சுத்தமான துளைமாதிரியும் பொறுமையும் பணமும் உள்ளவர்கள் தாராளமாகப் போகலாம்.

அகச்சிவப்பு: என் ஓட்டு இதற்குத்தான், ஆனால்

அகச்சிவப்பு ஒளியைப் பொருளின் மேல் விட்டால் ஒவ்வொரு வேதிப்பிணைப்பும் தனக்குப் பிடித்த அலையை விழுங்கும். எந்த அலை எண்ணில் (ஒரு சென்டிமீட்டரில் அடங்கும் அலைகளின் எண்ணிக்கை) பள்ளம், அதாவது முனை, விழுகிறது என்று பார்க்கவேண்டும். கைட்டினில் அமைடு பிணைப்பு உண்டு. 1650 பக்கம் ஒன்று, பெரும்பாலும் 1660, 1620 என்று இரட்டையாகப் பிளந்து. 1550 பக்கம் இன்னொன்று. மரத்தின் லிக்னினில் 1510 பக்கம் ஒரு வளைய முனை. ஒரு மில்லிகிராம் போதும், பொருள் பெரும்பாலும் வீணாவதில்லை. மூன்று வேதிவழிகளில் கட்டணமும் இதற்கே குறைவு. பல பல்கலைக்கழகங்களில் கருவி இருக்கிறது. சென்னை ஐஐடியின் சைஃப் என்ற ஆய்வுக்கருவி மையம் வெளியாட்களின் மாதிரியையும் எடுத்துக்கொள்கிறது.

கைட்டின் எவ்வளவு காலம் தாங்கும் என்ற சந்தேகம் நியாயமானது. ஆர்க்டிக் கனடாவில் கிடைத்த ஊராஸ்பைரா என்ற நுண் புதைபடிவத்தில், சுமார் 100 கோடி ஆண்டு பழையதில், இதே முறையால் கைட்டின் தடயம் கண்டதாக 2019-இல் எழுதினார்கள். 2023-இல் ரைனிக் கல்லின் பல்வேறு உயிரிகளின் நிறமாலைகளை எடுத்துக் கணினியில் தொகுத்தபோது, உட்கருவுள்ளவையும் சயனோபாக்டீரியாவும் (ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா) தனித்தனிக் கூட்டமாகப் பிரிந்து நின்றன. கணினிக்கு எது எது என்று முன்கூட்டியே சொல்லிக்கொடுக்காமலேயே. அந்தக் கணக்கை இலவச மென்பொருளில் இவளே போடலாம்.

இனி அந்த 'ஆனால்'.

முதல் எதிரி நம் ஊர் மூடுபனி. பழைய முறையில் மாதிரியைப் பொட்டாசியம் புரோமைடு உப்போடு அரைத்து வில்லையாக அழுத்துவோம். அந்த உப்பு ஈரத்தைக் கண்டால் விடாது. ஜூலை மாதத்து ஊட்டியில் ஒரு தடவை இருநூறு மில்லிகிராம் உப்பை அரைத்து அழுத்தி எடுத்து, கருவியில் வைக்கப் போவதற்குள் கண்ணாடி மாதிரி இருந்த வில்லை பால் மாதிரி வெளுத்துவிட்டது. வெளுத்தால்கூடப் பரவாயில்லை. தண்ணீர் தன் சொந்த முனையை 1640 பக்கம் போடும். கைட்டினின் அமைடு உட்காரும் அதே நாற்காலி. ஈரத்தைப் பார்த்துப் பூஞ்சை என்று எழுதியவர்கள் இருக்கக்கூடும். அதனால் ஏடிஆர் வசதியுள்ள கருவியா என்று முதலில் கேட்கச் சொன்னேன். வைர முனையில் மாதிரியை நேராக அழுத்தினால் போதும், உப்பே வேண்டாம். மாதிரியை மட்டும் காயவைத்து, ஈரம் ஏறாத மூடுகலமான டெசிக்கேட்டரில் கொண்டுபோகவேண்டும்.

இரண்டாவது எதிரி களிமண். நீலகிரி மண்ணில் கயோலினைட் தாராளம். அதன் சிலிக்கன், ஆக்ஸிஜன் பிணைப்பு 1030 பக்கம் பெரிய பள்ளம் போட்டு, செல்லுலோஸ் முனையை மூடிவிடும். செர்ட் கல்லில் சிலிக்காவும் இதே தொல்லையைத் தரும். அடையாளம் சொல்கிறேன்: 3620, 3695 பக்கம் கூர்மையான முனைகள் தெரிந்தால் உள்ளே களிமண் இருக்கிறது, 1000 முதல் 1100 வரை வருவதை நம்பாதீர்கள். குழம்பாக அனுப்பாமல் நாரை ஊசியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கழுவுவதுதான் மருந்து.

மூன்றாவது இன்னும் நுட்பமானது. அமைடு தெரிந்ததும் கைட்டின் என்று குதிக்கக் கூடாது. புரதத்திலும் அமைடுதான். பாக்டீரியாவும் அதைத் தரும். கைட்டினே உறுதியானாலும் அது பூஞ்சையினுடையதாக இருக்கவேண்டியதில்லை. வண்டின் சிறகும் கைட்டின்தான், பீட் முழுக்கப் பூச்சித் துணுக்குகள். நுண்ணோக்கியை விட்டுவிட முடியாது என்று சொன்னது இதற்காகத்தான்.

நான்காவது, அளவு. 1600 என்ற அலை எண்ணுக்கு அலைநீளம் சுமார் 6 மைக்ரான். சாதாரண அகச்சிவப்பு நுண்ணோக்கியால் அதைவிடச் சின்னப் புள்ளியைத் தனியாகப் பார்க்க முடியாது. பல ஹைஃபாக்களின் தடிமன் அதைவிடக் குறைவு. செடியின் செல்லுக்குள் ஓடும் ஹைஃபாவை இந்த முறை தனித்துச் சொல்லாது, இரண்டும் கலந்த சாம்பார்தான் வரும். அக்லோபைட்டானுக்குள் இருந்த பூஞ்சையைக் கண்டது கண்தான்.

ராமன் நிறமாலையைப் பற்றியும் கேட்டாள். நன்றாக வெந்த பழைய கரிக்கு, அது எவ்வளவு சூடு பட்டது என்று சொல்ல அருமையான முறை. இளம் பீட் லேசர் பட்டதும் ஒளிர்ந்து எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். இவளுக்கு வேண்டாம்.

இருபதை எப்படிப் பங்கிட்டோம்

இங்கேதான் அந்த 'அதே கல்லில் உள்ள பூஞ்சை' வருகிறது. ரைனி ஆய்வின் பலம் கருவியில் மட்டும் இல்லை. ஒரே சூடும் ஒரே சிலிக்காவும் பட்ட செடி, பூஞ்சை, பாக்டீரியா எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. ஐயத்துக்குரிய பொருளை அடையாளம் தெரிந்தவற்றின் நடுவே வைத்துப் பார்க்க முடிந்தது. கடையில் வாங்கும் சுத்தக் கைட்டின் பொடியோடு பழைய நாரை ஒப்பிடுவது, பாட்டியின் முகத்தைக் கைக்குழந்தைப் படத்தோடு ஒப்பிடுகிற மாதிரி.

நம்மிடம் அப்படிப்பட்ட கல் இல்லை. ஆனால் சூடாக்க முடியும். ஆறு உயிர்ப் பொருட்கள்: மார்கான்ஷியா, சீகை மரத்துக் கட்டை, மொட்டுக் காளான், அந்த விறகுக் காளான், ஈரச் சுவரில் வளரும் நாஸ்டாக் என்ற சயனோபாக்டீரியா, வண்டின் மேல்சிறகு. ஒவ்வொன்றும் பச்சையாக ஒன்று, 200 டிகிரியில் சுட்டது ஒன்று, 300 டிகிரியில் சுட்டது ஒன்று. பதினெட்டு. மீதி இரண்டு இடம் பீட்டுக்கு, மேல் அடுக்கில் பொறுக்கிய நார் ஒன்று, அடி அடுக்கில் பொறுக்கிய நார் ஒன்று.

"ரெண்டே ரெண்டா மேம்?" என்று முகம் சுருங்கியது. அவள் ஆசையெல்லாம் அந்தக் கறுப்பு மண்ணில். பதினெட்டும் சரியாக இருந்தால்தான் அந்த இரண்டும் பேசும். தலைகீழாகச் செய்து, பதினெட்டு பீட்டும் இரண்டு ஒப்பீடும் அனுப்பினால், அழகான இருபது கோடுகள் வரும், ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது. இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அடுப்புச் சூடு வேறு, கோடி ஆண்டு வேறு என்பது எனக்கும் தெரியும். அழுத்தம், நீர், பாக்டீரியா எதுவும் இதில் இல்லை. ஆனால் எந்த முனை முதலில் சாகிறது, எது கடைசிவரை நிற்கிறது என்ற வரிசையாவது கையில் கிடைக்கும். 300 டிகிரியில் அமைடு மங்கி, வண்டுச் சிறகும் சீகைக் கட்டையும் ஒரே மாதிரி ஆகிவிட்டால் அதுவும் ஒரு முடிவுதான். இந்த எல்லைக்கு மேல் வெந்த பொருளில் இந்தக் கேள்வியைக் கேட்காதே என்று எழுதலாம்.

கண்ணாடிக் குழாயை உருக்கி மூடிச் சூடாக்கும் யோசனையை நான் அனுமதிக்கவில்லை, வெடித்தால் முகம் போகும். அலுமினியத் தாளில் பொட்டலம் கட்டி, மூடியுள்ள பீங்கான் கிண்ணத்தில் சுத்தமாகக் கழுவிச் சுட்ட மணலுக்குள் புதைத்துவிட்டோம். காற்று முழுக்க அடைபடாது, சாம்பலாகாமல் கருகும் அளவுக்கு அடைபடும்.

மொட்டுக் காளான் குன்னூர் மார்க்கெட்டில் வாங்கியது. கடைக்காரர் கால் கிலோவுக்குக் குறைத்துத் தரமாட்டேன் என்றதால் மிச்சம் அவள் வீட்டுக் குழம்புக்குப் போனது. செவ்வாய்க்கிழமை 200 டிகிரியில் முதல் சுற்று. ஆறவைத்துப் பொட்டலத்தைப் பிரித்தபோது, வெள்ளை வெளேரென்று உள்ளே போன காளான் கன்னங்கரேலென்று சுருங்கி, நார் நாராகப் பிரிந்து கிடந்தது. இடுக்கியால் ஒரு இழையை எடுத்து, மூன்றாவது குப்பியின் கறுப்பு நாரோடு பக்கத்தில் வைத்துச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

"மேம், எது எதுன்னே தெரியலையே."

இரண்டிலும் உடனே சீட்டு ஒட்டச் சொன்னேன்.